பட்டாவில் ரெண்டாவது பேரு

ஏன் அம்முணி, அந்தப் போனுல காட்டோட பட்டா பாக்கலாமாமே, உனக்குப் பாக்கத் தெரியுமா?

சித்தெப் பாத்துச் சொல்லு கண்ணு. நான் உன்ற போனை வாங்கி நோண்ட மாட்டேன். நான் சொல்லச் சொல்ல நீயே அமுக்கு. மாவட்டம் திருப்பூரு. தாலூக்கா தாராபுரம். ஊரு செங்காட்டுவலசு. சர்வே நம்பரு நூத்தி எம்பத்தி நாலு, உட்பிரிவு ரெண்டு ஏ. எங்க ஊட்டு ரேசன் கார்டு நம்பரு கேட்டா எனக்குத் தெரியாது. இது மட்டும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். முப்பது வருசமா மனசுல அரைச்சுக்கிட்டே இருந்த நம்பரு.

சுத்துதா? சுத்தட்டும். இந்த ரோட்டுல டவரு கெடைக்கறது செரமந்தான். தாராபுரம் போறதுக்குள்ள வந்துரும். பையை இப்படி மடியில வெச்சுக்கோ, நல்லா ஒக்காரு. சன்னலைச் சாத்திடவா? வெயிலு உன்ற பக்கம் அடிக்குது.

எதுக்குப் பாக்கோணும்னு கேக்கற மாதிரிப் பாக்கறே. சொல்றேன். யாருகிட்டயாவது சொல்லோணும்னுதான் இருக்குது. எங்க ஊருல சொன்னா அது பொழுதுக்குள்ள நாலு ஊடு சுத்தி வேற கதையா வந்து நிக்கும்.

எனக்கு ஒரே அண்ணன். சென்னியப்பன்னு பேரு. போயிட்டாரு, ரெண்டு வருசமாச்சு. அவருக்கும் எனக்கும் பெருசாப் பேச்சு இல்லை. ஆனா வருசா வருசம் பொங்கச் சீரு கொண்டாந்து வெச்சுப்போட்டுப் போவாரு. கரும்பு, அரிசி, வெல்லம், ஒரு சேலை. நான் வாங்கிக்குவேன். பொறந்த ஊட்டுச் சீரு, அது என்ற உரிமை, வாங்கறதுக்கு என்ன? வாங்கண்ணான்னு ஒரு வார்த்தை. ஒரு டம்ளரு தண்ணி. அதுக்கு மேல நான் பேச மாட்டேன். அவரும் சித்த நேரம் ஒக்காந்து, செவுத்துல இருக்கற காலண்டரைப் பாத்துப்போட்டு எந்திரிச்சுப் போயிருவாரு.

ஏன் பேசலைன்னா, காடுதான். வேற என்ன இருக்கப் போகுது. நாலு ஏக்கரா, ஒரு கெணறு. எங்கப்பன் நஞ்சப்பன் தானா பாடுபட்டு வாங்கினது. அப்பன் செத்து கருமாதி முடிஞ்ச அன்னிக்கு அண்ணன் என்னைய மாட்டுக்கொட்டாய்ப் பக்கம் கூப்புட்டாரு. "நாச்சா, காடு நம்ம ரெண்டு பேருக்குந்தான். ரெண்டு பேரு பேருலயும் ஏத்தச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கறேன்"னாரு. நாச்சம்மாதான் என்ற பேரு. அவரு நாச்சான்னுதான் கூப்புடுவாரு.

எனக்குச் சந்தோசம். ஊட்டுக்கு வந்து எங்க ஊட்டுக்காரருகிட்டச் சொன்னேன். அவரு சிரிச்சாரு. "வாயில சொல்றதுக்குக் காசா பணமா? பொம்பளைப் புள்ளை பேரை எந்த அண்ணன்டி பட்டாவுல ஏத்தறான்? ஏத்திட்டேன்னு சொல்லிச் சொல்லியே ஒரு நா உன்ற கையெழுத்த வாங்கிப்போடுவான், பாரு"ன்னாரு. எங்க ஊட்டுக்காரரு ஒலகம் தெரிஞ்ச மனுசன். கூட்டுறவு சங்கத்துல டைரக்டரா இருந்தவரு. அவரு சொன்னா அதுல ஒரு வெவரம் இருக்கும்னு எனக்குத் தெரியும்.

அந்த வெவரம் எனக்கு எப்படித் தெரியும்னு கேளு. எங்க ஊட்லயே நடந்துதே.

அவருக்கு ரெண்டு தங்கச்சி. பெரியவ செல்லாத்தா, சின்னவ பழனாத்தா. நம்ம பக்கம் அண்ணன் பொண்டாட்டிய நங்கைன்னுதான கூப்புடறது. ரெண்டு பேரும் என்னைய நங்கை நங்கைன்னு சுத்திச் சுத்தி வருவாளுக. ஒரு வருசம் மாரியாத்தா நோம்பிக்கு ரெண்டு பேரையும் கூப்புட்டோம். கெடா வெட்டி, சேலை எடுத்துக் குடுத்து நல்லாத்தான் பண்ணினோம், கொறையே வெக்கலை. மக்கா நாள் வேன் வெச்சு பத்திர ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனோம். கெணத்துக்குக் கரண்டு வாங்கோணும், அப்பன் பேருல இருக்கறதால பொறந்தவிய எல்லாரும் கையெழுத்துப் போடோணுமாம்னு சொன்னோம். நாந்தான் சொன்னேன். அவரு சொன்னா நூறு கேள்வி கேப்பாளுக. நான் சொன்னா கேக்க மாட்டாளுக.

பழனாத்தா மட்டும் பேனாவைப் புடிச்சுக்கிட்டு என்ற மூஞ்சியப் பாத்தா. "ஏனுங் நங்கை, போடலாங்களா?"ன்னா. போடு கண்ணுன்னேன். ரேகை வெச்ச பெருவிரல்ல மை அப்பியிருந்துது. என்ற முந்தானையிலதான் தொடைச்சு உட்டேன்.

அது விடுதலைப் பத்திரம். இனி அப்பன் சொத்துல எங்களுக்குப் பங்கு வேண்டாம்னு எழுதிக் குடுக்கறது. எல்லா ஊட்லயும் பண்றதுதான் அம்முணி, நீ என்னமோ ஒரு மாதிரிப் பாக்கறே. அவளுகளுக்குக் கட்டிக் குடுத்த எடத்துல இல்லையா? கல்யாணத்துக்குப் போடலையா? அது வேற, இது வேற. நான் சொல்ல வந்தது என்னன்னா, இந்த மாதிரி வேலையெல்லாம் எப்படி நடக்கும்னு எனக்கு உள்ளாற இருந்து தெரியும். என்னைய யாரும் ஏமாத்த முடியாது.

செரி, கேளு. பத்து வருசம் முன்னாடி ஒரு பொங்கலுக்கு அண்ணன் சீரு வெச்சுப்போட்டு எந்திரிக்காம ஒக்காந்திருந்தாரு. மஞ்சப் பையில இருந்து ஒரு பேப்பரை எடுத்தாரு. மூஞ்சியில அப்படி ஒரு சிரிப்பு.

"நாச்சா, கரண்டு வந்திருச்சு. பதினோரு வருசமா எழுதிப் போட்டது, நம்ம முறை வந்திருச்சு. கூட்டுப் பட்டாவுல இருக்கறவிய எல்லாரும் சம்மதம் எழுதிக் குடுக்கோணுமாம். நீ ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்"னாரு.

எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கிட்டு எரிஞ்சுது. அதே வார்த்தை அம்முணி. செல்லாத்தாகிட்ட நான் சொன்ன அதே வார்த்தை. கெணறு, கரண்டு, ஒரே ஒரு கையெழுத்து. ஒரு வார்த்தை கூட மாத்தலை. அடப்பாவி, பொய் சொல்றதுதான் சொல்றே, வேற எதையாவது சொல்லக் கூடாதான்னு நெனைச்சேன். எங்க ஊட்டுக்காரரு உள்ளாற இருந்து ஒரு கனைப்புக் கனைச்சாரு. நான் ரெண்டு கையையும் முந்தானைக்குள்ள விட்டுக்கிட்டேன். பேப்பரைத் தொடக்கூட இல்லை.

"கையெழுத்துப் போடறதில்லைங்கண்ணா"ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அவரு சிரிப்பு அப்படியே நின்னு போச்சு. "இல்ல நாச்சா, கரண்டுக்குத்தான்"னாரு. தெரியும்ணா, எல்லாருக்கும் கரண்டுக்குத்தான்னேன்.

மாசி மாசம் மறுபடி வந்தாரு. இந்த வாட்டி பட்டாவ கம்ப்யூட்டருல எடுத்துக்கிட்டு வந்திருந்தாரு. "பாரு நாச்சா, உன்ற பேரு இருக்குது பாரு"ன்னு விரலை வெச்சுக் காட்டறாரு. நான் அஞ்சாவது வரைக்கும் படிச்சவ, எழுத்துக் கூட்டிப் படிப்பேன். படிக்கலை. கல்யாணப் பத்திரிகையே கம்ப்யூட்டருல அடிக்கறாங்க, பட்டா அடிக்க முடியாதான்னு கேட்டேன். வாசல்ல நாலு பேரு இருந்தாங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரிதான் கேட்டேன். அண்ணன் அந்தப் பேப்பரை நாலா மடிச்சு, எட்டா மடிச்சு, சட்டைச் சோப்புல வெச்சுக்கிட்டு நடந்து போனாரு.

மூணாவது வாட்டி பர்வதம் நங்கையும் கூட வந்தாங்க. அண்ணன் சம்சாரம். அவிய ஊட்டுக்குள்ள வரலை, வேப்பமரத்தடியிலயே நின்னுக்கிட்டாங்க. "கெடு இந்த மாசத்தோட முடியுது"ன்னாங்க. "கெடு முடிஞ்சா வரிசை போயிரும். மறுபடி எழுதிப் போட்டா நாங்க இருக்கறப்ப வராது"ன்னாங்க. அண்ணன் அங்கயே என்ற மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னாரு. நானும் பாத்தேன். நீ எத்தனை வாட்டி வந்தாலும் நான் எங்கப்பன் மகதான்னு மனசுல சொல்லிக்கிட்டேன்.

கெடு முடிஞ்சுது. கரண்டு வரலை.

பொறவு நடந்ததெல்லாம் ஒறம்பரை சனங்க சொல்லிக் கேட்டதுதான். ஆயில் எஞ்சின் வெச்சு ஓட்டிப் பாத்தாராம். டீசலுக்குக் கட்டுபடியாகலை. ரெண்டு வருசம் மழை இல்லை. அம்பது தென்னை, எல்லாம் மொட்டையாப் போச்சுன்னாங்க. மாட்டை வித்துட்டாருன்னாங்க. திருப்பூருல பனியன் கம்பெனிக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போறாருன்னாங்க. சந்தோசப்பட்டனான்னு கேட்டா, பட்டேன். பொய் எதுக்குச் சொல்லோணும்? என்ற பங்கையும் சேத்து முழுங்கப் பாத்தா இப்படித்தான் ஆகும்னு வாய் விட்டே சொன்னேன்.

எங்க ஊட்டுக்காரரு செத்துப் போனப்ப அண்ணன் கோடிச் சேலை கொண்டாந்தாரு. பொறந்த ஊட்டுக் கோடி வராம ஒண்ணும் பண்ண முடியாதே. நேரா கம்பெனியில இருந்து பஸ் ஏறி வந்திருக்கறாரு. காக்கிப் பேண்ட்டும் நீலச் சட்டையும். அவரைப் பேண்ட்டோட நான் பாத்ததே இல்லை அம்முணி. காட்டுல கோவணம், ஊருக்குள்ள வந்தா வெள்ளை வேட்டி, அவ்வளவுதான். எல்லாரும் பாக்கறாங்க. எனக்கு அவமானமா இருந்துது. ஒரு வேட்டி கட்டிக்கிட்டு வந்தா என்னன்னுதான் தோணுச்சு. வேற ஒண்ணும் தோணலை. அவரு பக்கத்துல வந்து, "நாச்சா, ஒரு நா ஊருக்கு வந்துட்டுப் போ"ன்னாரு. அன்னிக்குப் பேப்பரெல்லாம் ஒண்ணும் கொண்டு வரலை. நான் தலையக் கூட ஆட்டலை.

ரெண்டு வருசம் முன்னாடி அந்தக் கம்பெனி கேட்டுலயே போயிட்டாரு. காலையில ஷிப்டுக்கு வந்த புள்ளைக, வாட்ச்மேன் தாத்தா ஒக்காந்துக்கிட்டே தூங்கறாருன்னு நெனைச்சு தாண்டித் தாண்டி உள்ள போயிருக்குதுக. எட்டரை மணிக்குத்தான் யாரோ தொட்டுப் பாத்திருக்கறாங்க.

போனேன். அண்ணனாச்சே, போகாம இருப்பனா? அழுதேன். நல்லாத்தான் அழுதேன். ஆனா கருமாதி அன்னிக்கு எல்லாரும் ஒக்காந்திருக்கறப்ப அண்ணன் பையன் தினகரனைப் புடிச்சுக் கேட்டேன். எங்கப்பன் சொத்துல என்ற பங்கு என்ன ஆச்சுடான்னு. மொட்டை அடிச்ச தலையோட நிக்கறான். "அத்தை, உங்க பங்கு எங்கயும் போகலீங்க"ன்னான். அதே பேச்சு. அப்பனும் அதே பேச்சு, மகனும் அதே பேச்சு. கேஸு போடுவேன்னேன். நங்கை உள்ளாற இருந்து, "போடச் சொல்லுடா. போடறதுக்கு முன்னால கம்ப்யூட்டருல ஒரு வாட்டி பாக்கச் சொல்லு"ன்னாங்க. அதையும் நான் திமிருன்னுதான் எடுத்துக்கிட்டேன்.

கேஸுக்கு வக்கீல் பாத்ததெல்லாம் என்ற மருமகன். வக்கீலு, பட்டா எடுத்துக்கிட்டு வாங்க, யாரு பேருல இருக்குதுன்னு பாக்கோணும்னாரு. போன மாசம் மருமகனோட கம்ப்யூட்டரு சென்டருக்குப் போனேன். கண்ணாடி போட்ட புள்ளை ஒண்ணு ஒக்காந்திருந்துது. நம்பரைச் சொன்னேன். அது டக்கு டக்குன்னு தட்டிச்சு. பொறவு சாதாரணமாச் சொல்லுச்சு.

"ரெண்டு பேரு இருக்குதுங்க. ஒண்ணு, நஞ்சப்பன் மகன் சென்னியப்பன். ரெண்டு, நஞ்சப்பன் மகள் நாச்சம்மாள்."

மறுபடி படிக்கச் சொன்னேன். மறுபடி படிச்சுது. டிவி மாதிரி இருந்ததை என்ற பக்கம் திருப்பச் சொன்னேன். எழுத்துக் கூட்டி நானே படிச்சேன்.

எனக்கு இந்த ஒலகத்துல எத்தனை கார்டு இருக்குது தெரியுமா? ரேசன் கார்டு, ஓட்டு கார்டு, ஆதார், பேங்க் புத்தகம். எல்லாத்துலயும் நான் அவரு சம்சாரம். இன்னாரு மனைவி, இன்னாரு மனைவின்னுதான் போட்டிருக்கும். நஞ்சப்பன் மகள்னு எம்பேரு எழுதியிருக்கற எடம் அது ஒண்ணுதான் அம்முணி. அப்பன் போனதுல இருந்து அது அங்கயே இருந்திருக்குது. அண்ணன் எடுக்கவே இல்லை. எடுத்திருந்தா அவரு ஒத்தைப் பட்டாக்காரரு. யாருகிட்டயும் கையெழுத்துக் கேக்க வேண்டியதில்லை. கரண்டு வந்திருக்கும். எம்பேரை வெச்சிருந்ததுனாலதான் என்ற வாசல்ல வந்து நின்னாரு.

மருமகனுக்கு ஒரே சந்தோசம். "நல்லதாப் போச்சுங்க அத்தை, கேஸே வேண்டியதில்லை"ன்னாரு. அதோட விட்டாரா, எங்க ஊட்டுக் காட்டு நம்பரையும் குடுத்து அதையும் பாக்கச் சொன்னாரு. அதுல ஒரே பேரு. எங்க ஊட்டுக்காரரு பேரு. முன்னாலயும் ஒண்ணும் இல்லை, பின்னாலயும் ஒண்ணும் இல்லை. "இது சுத்தமா இருக்குதுங்க"ன்னு அந்தப் புள்ளை சொல்லுச்சு. சுத்தமான்னு சொன்ன ஒடனே எனக்குத் தலையச் சுத்திச்சு. தண்ணி வாங்கிக் குடுத்தாங்க.

பழனாத்தாளா? இருக்கறா. நூறு நாள் வேலைக்குப் போயிட்டிருக்கறா. நோம்பிக்கெல்லாம் வர்றதில்லை இப்ப. செல்லாத்தா செத்துப் போனா. அது வேற அம்முணி, அதையும் இதையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பாதே. அதைப் பத்தி நான் அப்பறம் யோசிக்கோணும்.

வந்திருச்சா? எங்கே, காட்டு. எழுத்து பொடிசா இருக்குது, நீயே படி. ஆமா. ஆமா. சென்னியப்பன். ரெண்டாவது? ஆமா, அது நாந்தான். நாந்தான் அம்முணி. இன்னும் அண்ணன் பேரு இருக்குதா? செத்து ரெண்டு வருசம் ஆனாலும் இருக்குதா? இருக்கட்டும். மூடாதே, சித்த நேரம் அப்படியே வெச்சிரு. சார்ஜு போயிருமா? போனாப் போகுது, செரி, மூடிக்கோ.

இன்னிக்கு வெடியால அந்த ஊருக்குத்தான் போயிட்டு வர்றேன். அந்தச் சென்டருப் புள்ளைகிட்டயே சொல்லி, கெணத்துக்குக் கரண்டு வாங்க எனக்குச் சம்மதம்னு இருவது ரூபாப் பத்திரத்துல அடிச்சு வாங்கிக்கிட்டேன். கையெழுத்தும் போட்டுட்டேன். யாரும் கேக்காமயே போட்டேன். ஒரு சீப்பு வாழைப்பழம், அண்ணன் படத்துக்குக் கொஞ்சம் பூ, அந்தப் பேப்பரு. பஸ் எறங்கி காட்டு வழியாத்தான் போனேன். தென்னை நின்ன எடத்துல குழி குழியா இருக்குது. கெணத்தை எட்டிப் பாத்தேன். அடியில பாட்டிலும் பிளாஸ்டிக் பையுமாக் கெடக்குது.

நங்கை என்னையப் பாத்ததும் வாங்கன்னாங்க. சோறு போட்டாங்க. நான் சாப்புட்டுக் கை கழுவிப்போட்டு பேப்பரை எடுத்து நீட்டினேன். கண்ணாடி போட்டுக்கிட்டு முழுசாப் படிச்சாங்க. படிச்சு முடிச்சு மடியில வெச்சுக்கிட்டாங்க.

"பேரை எடுத்துருங்கன்னு நாந்தான் அவருகிட்டச் சண்டை போட்டேன்"னாங்க. "தாலூக்காபீசுல ஒருத்தன் எடுத்துத் தர்றேன்னான். உங்கண்ணன் கேக்கலை. அவ பேரை எடுத்துப்போட்டுத் தண்ணி எறைச்சா அந்தத் தண்ணிய எப்படிக் குடிக்கறதுன்னாரு. எனக்கு உம்மேல கோவம் இல்லை நாச்சா. அவரு மேலதான் கோவம். இன்னிக்கு வரைக்கும் அவரு மேலதான்."

நான் அவிய காலைப் புடிச்சுக்கிட்டு அழுதேன். அதுக்கு அவிய, "எந்திரி, எந்திரி, புள்ளை வர்றான்"னாங்க.

நான் வந்திருக்கறேன்னு தெரிஞ்சு தினகரன் திருப்பூருல இருந்து வண்டியில வந்துட்டான். தையல் மிசினுல ஒக்காந்து ஒக்காந்து முதுகு கூனிக் கெடக்குது, முப்பத்தி ரெண்டு வயசுதான். சம்மதப் பேப்பரைப் பாத்தான். "இது இனி ஆகாதுங்க அத்தை, தண்ணியும் இல்லை, வரிசையும் போச்சு"ன்னான். கோவமாச் சொல்லலை. பொறவு அவனே ஒரு பேப்பரை எடுத்தான்.

"அத்தை, காட்டை ரெண்டாப் பிரிச்சுரலாங்க. சர்வேயரை வெச்சு அளந்து, உங்க ரெண்டு ஏக்கரா உங்களுக்குத் தனிப் பட்டா. ரோட்டோரம் உங்களுக்கே எடுத்துக்கங்க. எங்களுது எங்க பேருல வந்துட்டா நான் அதை வித்து நாலு மிசினு சொந்தமாப் போட்டுக்குவேன். அம்மாவையும் கூட்டிட்டுப் போயிருவேன். இங்க தனியா இருக்கறாங்க, போன மாசம் வழுக்கி உழுந்து ரெண்டு நாளு யாருக்கும் தெரியலை. நீங்க இதுல ஒரு கையெழுத்துப் போட்டாப் போதுங்க"ன்னான்.

எனக்குப் படிச்சுக் காட்டினான். அதுல ஏமாத்தே இல்லை அம்முணி. ரோட்டோரம் எனக்கு. தனிப் பட்டா. ஒத்தைப் பேரு. முப்பது வருசமா நான் எதுக்குச் சண்டை போட்டனோ, அதைத் தட்டுல வெச்சு நீட்டறான். பேனாவையும் கையில குடுத்தான்.

வேண்டாம்னுட்டேன்.

ஏன் அத்தைன்னான். அது கூட்டாவே இருக்கட்டும்டான்னேன். உங்கப்பன் வெச்சது, அப்படியே இருக்கட்டும், பிரிக்க வேண்டாம், விக்க வேண்டாம்னேன். நங்கை சட்டுனு எந்திரிச்சு உள்ளாற போயிட்டாங்க. பாத்திரம் கழுவற சத்தம் கேட்டுது. தினகரன் என்னையவே பாத்துக்கிட்டு இருந்தான். "எங்கப்பனுக்கும் இப்படித்தானுங்க ஆச்சு"ன்னான்.

எனக்குத் தெரியாமலா? நான் என்ன கல்லா? பையன் முதுகு தெரியுது. அந்தம்மா ரெண்டு நாளு கீழ கெடந்தது தெரியுது. நான் கையெழுத்துப் போடாம இருந்தா என்ன ஆகும்னு என்னைய விட வேற யாருக்குத் தெரியும்? மருமகனுக்குத் தெரிஞ்சா என்னையத் திட்டித் தீத்துருவாரு. அதெல்லாம் தெரிஞ்சுதான் பேனாவைத் திருப்பிக் குடுத்தேன்.

அந்தப் பையன் நல்ல பையன் அம்முணி. கோவத்தைக் காட்டலை. வண்டியில என்னைய ஏத்திக்கிட்டு பஸ் ஸ்டாப்பு வரைக்கும் கொண்டாந்து விட்டான். வெயிலா இருக்குதுன்னு நெழலு பாத்து நிக்க வெச்சான். பஸ்ஸை கை காட்டி நிறுத்தி ஏத்தி உட்டான். ஏறினப்பறம் சன்னல் பக்கம் வந்து, "அடுத்த மாசம் ஊட்டுக்கு வர்றேனுங்க அத்தை, பேப்பரைக் கொண்டாறேன், யோசிச்சு வெய்யுங்க"ன்னான். கையை ஆட்டினான். எங்கண்ணன் கையேதான், அந்த முட்டியெல்லாம்.

வரட்டும். ஊட்டுல கோழி இருக்குது, அடிச்சுக் கொழம்பு வெப்பேன். ஒக்கார வெச்சு வயிறாரச் சோறு போடுவேன். கேட்டா அப்பவும் யோசிக்கறேன்னுதான் சொல்லுவேன். அதுக்கு அடுத்த மாசமும் வரட்டும்.

நீ என்னமோ சொல்ல வர்றே. போட்டுருங்கன்னு சொல்லப் போறே. நெசந்தான். போட்டுரோணும், அதுதான் நியாயம். ஆனா நீயே சொல்லு கண்ணு, போட்டுட்டா அப்பறம் அந்த ஊட்டுல இருந்து என்னையத் தேடி யாரு வருவா?